அறுவடை இயந்திர வாடகை: எது குறைவு?

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பூ நெல் விளைகிறது. அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால் உழவர் பலர் இயந்திரத்தை நாடுகின்றனர். அதற்கு வாடகை பேசுங்கால் மணிக்கூலியை மட்டும் கேட்டு முடிவு செய்தல் சரியன்று.

ஒருவர் இயந்திரத்தைக் கொண்டுவர ரூ.2,000-உம், மணிக்கு ரூ.2,400-உம் கேட்கிறார் எனக் கொள்வோம். மற்றவர் கேட்பது மணிக்கு ரூ.2,800 மட்டுமே. வேலை நேரத்தை ‘ம’ என்போம்.

முதலாமவர்: 2,000 + 2,400 ம
இரண்டாமவர்: 2,800 ம

இரண்டும் சமமாகும்போது 400 ம = 2,000; அதாவது ம = 5. ஐந்து மணிக்குக் குறைந்த வேலைக்கு இரண்டாமவரும், மிகுந்த வேலைக்கு முதலாமவரும் மலிவு.

ஒரு மணி வேலையே உள்ள சிறு உழவர் முதலாமவரைத் தனியே அமர்த்தினால் ரூ.4,400 ஆகும். ஒரே மடையில் நீர் பாயும் அத்தகைய எண்மர் சேர்ந்து அறுத்தாலோ, மொத்தம் ரூ.21,200, ஆளுக்கு ரூ.2,650 தான். இதற்கு எண்மரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நட்டிருத்தல் வேண்டும். ஆகவே இப்பேச்சை நடவுக்கு முன்பே பேசிக்கொள்வது நலம். அறுவடை நாளில் பேசிப் பயனில்லை.

கன்னிப்பூ அறுவடையில் மழை குறுக்கிடுவதுண்டு. சேற்றில் இயந்திரம் மெல்லவே நகரும். நான்கு மணி என எண்ணிய வேலை ஆறு மணியானால், மலிவென்று அமர்த்திய இரண்டாமவருக்கு ரூ.16,800 கொடுக்க நேரும், முதலாமவருக்கு ரூ.16,400 போதும். வயலின் ஈரத்தை மிதித்துப் பார்த்த பின்னரே ‘ம’வுக்கு எண் கொடுக்க வேண்டும்.