உலகின் முதலாவது கம்பனி எது? பட்டியல் சொல்லும் பாடம்

சில காலத்துக்கு முன் பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். "நானா, என்விடியா என்ற கம்பனியின் பெறுமதி ஐந்து ட்ரில்லியன் டொலராம். இவ்வளவு காசை எங்கே வைத்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

அவ்வளவு காசு எங்கும் இல்லை என்பதுதான் பதில். வியாபாரிகளான நாம் இதை விளங்கிக்கொள்வது நல்லது.

சந்தைப் பெறுமதி என்றால் என்ன?

ஒரு கம்பனிக்கு 10 இலட்சம் பங்குகள் இருக்கின்றன. இன்று ஒரு பங்கு 50 ரூபாவுக்குக் கைமாறினால் கம்பனியின் பெறுமதி 5 கோடி ரூபா. நாளை 40 ரூபாவுக்குக் கைமாறினால் 4 கோடி. அந்த ஒரு கோடியை யாரும் திருடவில்லை. கம்பனியின் லாச்சியில் ஒரு சதமும் குறையவில்லை. வாங்குவோரின் எதிர்பார்ப்புத்தான் குறைந்தது. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் சரக்கை அன்றைய விலைக்கு மதிக்கிறோமே, ஏறத்தாழ அது போலத்தான்.

அத்துடன், கைமாறும் சில பங்குகளின் விலையை வைத்தே எல்லாப் பங்குகளும் மதிக்கப்படுகின்றன. 2019 டிசம்பரில் சவூதி அரம்கோ விற்றது நூற்றுக்கு 1.5 வீதப் பங்குகளை மட்டுமே. அந்தப் பங்குகள் பிறகு சந்தையில் கைமாறிய விலையைக் கொண்டுதான் முழுக் கம்பனியும் 2 ட்ரில்லியன் டொலர் என்று மதிக்கப்பட்டது.

முதலிடத்தில் இருந்தவர்கள்

1989: ஜப்பானியரின் காலம். தொலைபேசிக் கம்பனியான என்.டீ.டீ. முதலிடத்திலும், அதையடுத்து ஜப்பானிய வங்கிகளும் இருந்தன. அவ்வருட இறுதியில் உச்சத்தைத் தொட்ட ஜப்பானின் நிக்கேய் பங்குச் சுட்டெண், அதைத் தாண்டியது 2024 பெப்ரவரியில்தான். 34 வருடங்கள்!

2000: இன்டர்நெட் மோகம். வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ, மார்ச் மாதத்தில் 500 பில்லியன் டொலரைத் தாண்டி முதலிடம் பிடித்தது. 2002இல் அதன் பங்கு விலையில் ஐந்தில் நான்குக்கும் மேல் கரைந்துவிட்டது. கருவிகள் தொடர்ந்து விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தன.

2007: எண்ணெய். நவம்பரில் ஷங்ஹாய் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே பெட்ரோசைனா 1 ட்ரில்லியன் டொலரைத் தாண்டியது. அடுத்த வருட உலக நெருக்கடியில் அது கீழே விழுந்தது.

2011: ஓகஸ்டில் அப்பிள், எண்ணெய்க் கம்பனியான எக்ஸொன் மொபிலை முந்தியது. 2018இல் அப்பிள் 1 ட்ரில்லியனைத் தொட்டது.

2025: கம்பியூட்டர் விளையாட்டுகளுக்கான சிப் செய்வதற்காக 1993இல் தொடங்கிய என்விடியா, செயற்கை நுண்ணறிவின் கிராக்கியால் ஒக்டோபரில் 5 ட்ரில்லியனைத் தொட்டது. இதே கம்பனி, அதே வருடம் ஜனவரி 27ஆம் திகதி ஒரே நாளில் 600 பில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவான பெறுமதியை இழந்திருந்தது. சீனாவில் குறைந்த செலவில் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்த செய்திதான் காரணம்.

விதிவிலக்காக ஒருவர்: மைக்ரோசொப்ட் 1999இலும் முதலிடத்தில் இருந்தது, 2024இலும் இருந்தது. இடையில் பல வருடங்கள் அதன் பங்கு அசையாமல் கிடந்தது. பெட்டியில் அடைத்து விற்ற மென்பொருளை மாத வாடகைச் சேவையாக மாற்றிய பின்னரே மீண்டும் எழுந்தது. பெயர்ப் பலகை அதே, சரக்கு வேறு.

நமக்கு என்ன?

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது என் களஞ்சியத்திலிருந்த இறக்குமதிச் சரக்கின் விலையும் ஏறியது. கணக்குப் பார்த்துவிட்டு நான் பெரிய மனிதனாகிவிட்டதாக நினைத்தேன். அந்தக் கணக்கை நம்பி இரண்டாவது கடைக்கு முற்பணமும் கொடுத்தேன். சரக்கு விற்று முடிந்தது. அந்தக் காசோடு மீண்டும் சரக்கு எடுக்கப் போனால், முன்பு எடுத்ததில் முக்கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது கடை திறக்கப்படவே இல்லை. முற்பணமும் போனது.

அன்று நான் கற்றவை இவை:

1. மதிப்பு வேறு, இலாபம் வேறு, கையிலுள்ள காசு வேறு. மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

2. ஏறிய மதிப்பைக் காட்டிக் கடன் வாங்காதீர்கள். மதிப்பு இறங்கும்போது கடன் கூடவே இறங்குவதில்லை.

3. எல்லோரும் ஒரே சரக்கின் பின்னால் ஓடும்போது, அதன் நல்ல விலையை யாரோ ஏற்கனவே பெற்றிருப்பார்கள்.

4. பத்து வருடத்துக்கு முன் அதிகம் விற்ற சரக்கே இன்றும் உங்கள் கடையின் முன் இராக்கையில் இருந்தால் ஒரு முறை யோசியுங்கள்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகச் சொன்னேன்: "என்விடியாவின் பெறுமதியை விடுங்கள். இன்று இரவு உங்கள் லாச்சியை எண்ணுங்கள், கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுடையது."

பரக்கத்தைத் தருபவன் அல்லாஹ். கணக்குப் பார்ப்பது நமது கடமை.