வெறும் கூழாங்கல்லில் மீன்தொட்டிச் செடிகள்

திருக்கோவிலூர் வட்டாரத்தில் தென்பெண்ணையாற்றை நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலருக்குக் கிணற்றடியில் அரை சென்ட் நிலமாவது சும்மா கிடக்கும். அந்த இடத்தில் வண்ணமீன் தொட்டிகளுக்கான நீர்ச்செடிகளை வளர்த்து உபவருமானம் பெற வாய்ப்புண்டு. வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் மீன்களுடன் செடிகளும் விற்பனையாகின்றன. வாங்குவோர் சேறு ஒட்டாத, வேர் அறுபடாத செடிகளையே விரும்புவர். ஆகவே சேற்றில் வளர்ப்பதைவிடக் கூழாங்கல்லில் வளர்ப்பது ஏற்றது.

ஆனால் கூழாங்கல் செடியைத் தாங்குமேயன்றி ஊட்டாது. வண்டல் மண்ணிலுள்ள களித்துகள்கள் உரச்சத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. கல்லுக்கு அத்திறன் இல்லையென்றே சொல்லலாம். நட்ட செடி சில வாரங்கள் தன் சேமிப்பைக் கொண்டு பசுமையாக இருந்து, பின்னர் வெளிறும். அப்போது நீரின்மேல் பழி போடாமல் உரத்தைக் கவனிக்க வேண்டும்.

கல்லும் தொட்டியும்

2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கல் சிறந்தது. இதைவிடப் பெரிய கல்லில் வேர் பிடிக்காது. மிக நுண்ணிய மணல் இறுகிக் காற்றோட்டம் குன்றி, அழுகிய முட்டை நாற்றம் வீசும். கல்லின்மீது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடவும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது, அக்கல்லைத் தவிர்க்கவும். கழுவும் நீர் தெளியும்வரை அலசி, 6 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பவும். புதிய சிமெண்டுத் தொட்டியாயின் இரண்டு, மூன்று வாரம் நீர் நிரப்பி, அடிக்கடி மாற்றிக் காரம் போக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

செடித் தேர்வு

நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்படிவம் படிந்தால் அது கடின நீர். அத்தகைய நீரில் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா ஆகியவை நன்கு வளரும். இவை நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரிச்சத்தை எடுத்துக்கொள்ள வல்லவை.

வேர்வழி அதிகம் உண்பவை வாலிஸ்நேரியா, கொட்டிக்கிழங்கு, கிரிப்டோகோரைன் போன்றவை. கிரிப்டோகோரைன் குடும்பத்திற்கு நாம் அந்நியரல்லர். நாட்டு மருந்தில் பயன்படும் நாட்டு அதிவிடயம் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கடைகளில் விரும்பி வாங்கப்படும் கிரிப்டோகோரைன் வெண்டி இலங்கைக்கே உரிய செடி. இடம் மாற்றி நட்டால் இதன் இலைகள் கரைந்துவிடுவதுண்டு. பிடுங்கி எறியாமல் விட்டுவைத்தால் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

ஹைட்ரில்லா இலை, தண்டு வழியாகவும் நீரிலிருந்து சத்தை எடுக்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் நுனித்தண்டுகளை நட்டால் போதும். வாலிஸ்நேரியா ஓடுதண்டு மூலம் தானே பெருகும். நடும்போது அதன் குருத்து கல்லுக்குள் புதையக் கூடாது.

உரமிடுதல்

தொட்டியில் சில கப்பி மீன்களை விட்டால் அவை கொசுப்புழுக்களைத் தின்னும். அவற்றின் கழிவு தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும். பெரும்பாலும் குறைபடுபவை சாம்பல்சத்தும் இரும்பும் ஆகும். 100 லிட்டர் நீருக்கு வாரம் 1 கிராம் பொட்டாசியம் சல்பேட்டைக் கரைத்து இடவும். 12 சதவீத இரும்பு உள்ள இரும்புச் செலேட் 1 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து, அதில் 100 மில்லிலிட்டரை 100 லிட்டருக்கு வாரம் ஒருமுறை ஊற்றவும். அன்னபேதி உப்பு கடின நீரில் துருவாகப் படிந்துவிடுமாதலால் பயன் தராது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் உரம் மிகுதியாகச் சேராது.

வேர்வழி உண்ணும் செடிகளுக்குக் களிமண்ணுடன் நன்கு மக்கிய மண்புழு உரம் சிறிது கலந்து, சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து நிழலில் உலர்த்தவும். இரண்டு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை வேரருகே கல்லின் அடிவரை ஓர் உருண்டையை அழுத்தி வைக்கவும்.

யூரியா, டிஏபி இரண்டையும் மீனுள்ள தொட்டியில் இடவே கூடாது. அவற்றிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீன்களைக் கொன்றுவிடும்.

அறிகுறிகள் நெற்பயிரில் காண்பவை போன்றவையே. பழைய இலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் சிறு துளைகளும் ஓரக் கருகலும் தோன்றினால் சாம்பல்சத்துக் குறைவு. புதுத்துளிர் வெளிறினால் இரும்புக் குறைவு.

ஒளியும் பாதுகாப்பும்

நேரடி வெயில் பட்டால் நீர் சூடேறி, பச்சைப்பாசி செடியை மூடும். எனவே 50 சதவீத நிழல்வலை அமைக்கவும். வாங்கிவந்த செடிகளை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நத்தையும் அதன் முட்டையும் இல்லையென உறுதி செய்த பின் நடவும். பூச்சிக்கொல்லி தெளித்த கைத்தெளிப்பானையோ வாளியையோ இங்குப் பயன்படுத்த வேண்டாம்.

கழித்த தண்டுகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாமல் எருக்குழியில் இடவும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்பதை அனைவரும் அறிவோம்.

முதலில் இரண்டு தொட்டிகளில் மட்டும் தொடங்குங்கள். எந்தச் செடி, எந்த அளவில் விலைபோகிறது என்பதை அருகிலுள்ள வண்ணமீன் கடைகளில் கேட்டறிந்த பின்னரே விரிவுபடுத்துங்கள். அளவறிந்து ஊட்டினால் வெறுங்கல்லிலும் செடி தழைக்கும்.