தீவனச் சாக்கைப் பாருங்க, மீன் நோய் தெரியும்

பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருக்கிற உழவர்கள் என்னிடம் கேட்பது, "நோய் வந்தா என்ன ஊத்தலாம்?" என்றுதான். இயற்கை முறையில் நிற்கிற நமக்கு ஊற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. குளோராம்பெனிகால் மாதிரி எதிருயிரி மருந்துகள் மீன் வளர்ப்பில் சட்டப்படியே தடை. ஆக, நோயை முந்திக் கண்டுபிடிக்கிறதுதான் நம்ம கையில் இருக்கிற வைத்தியம். அதுவும் டி. கல்லுப்பட்டி பக்கம் மானாவாரிக் குட்டை. ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிற தண்ணீர் கோடை வரைக்கும்தான். மார்கழியில் மீன் செத்தால் மறுபடி குஞ்சு விட அந்த வருசம் தண்ணீர் இருக்காது.

கரிசல் குட்டையில் தண்ணீர் எப்பவும் கலங்கல். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மீன் கண்ணுக்குத் தெரியாது. அதனால நான் முதலில் பார்ப்பது தீவனச் சாக்கை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, அடியில் ஓட்டை போட்ட உரச் சாக்கில் நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுகிறேன். நல்ல மீன் சில மணி நேரத்தில் காலி பண்ணிவிடும். மேகமூட்டம், குளிர் இருந்தால் தீனி குறையும், அது இயல்பு. வெயில் நன்றாக அடித்தும் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் பாதித் தீவனம் மிஞ்சினால் விசயம் இருக்கு. மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. உடம்பில் புண் வருவதற்கு முன்னாடியே வாய் கட்டிவிடும்.

அடுத்து, விடியற்காலைப் பார்வை. மீன் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளந்து, வெயில் ஏறியதும் உள்ளே போனால் அது காற்றுக் குறை. உச்சி வெயிலிலும் நாலைந்து மீன் மட்டும் கரையோரம் ஒதுங்கி, ஆள் நிழல் பட்டும் ஓடாமல் நின்றால் அது நோய். ஒரே ராத்திரியில் பெரிசு சிறிசு எல்லாம் மிதந்தால் காற்றுக் குறையோ, பக்கத்துக் காட்டில் அடித்த பூச்சிமருந்தோ காரணமாக இருக்கும். நோய் பெரும்பாலும் ஓர் இனத்தில் தொடங்கி, இன்றைக்கு ரெண்டு, நாளைக்கு அஞ்சு என்று ஏறும்.

பதினைந்து நாளைக்கு ஒருதரம் வீச்சு வலை போட்டுப் பத்து மீனாவது எடுத்துப் பாருங்க. செவுள் மூடியைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்கணும். வெளுத்தோ, பழுப்பாகவோ, சளி மூடியோ இருந்தால் கோளாறு. வயிறு உப்பி, செதில் சிலிர்த்து நிற்பதும், கண் பிதுங்குவதும் முற்றிய அறிகுறி.

மீன் கழியில் உரசிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருந்தால் மீன் பேனைத் தேடுங்க. துவரம்பருப்பு அளவில், கண்ணாடி போல் தட்டையாகச் செதிலோடு ஒட்டியிருக்கும். இது கழி, பலகை, கல்லில்தான் முட்டை வைக்கும். நாலைந்து மூங்கில் கழிகளைக் குட்டையில் ஊன்றி, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயப்போட்டுத் திரும்ப ஊன்றினால் முட்டை செத்துப்போகும். செலவில்லாத வேலை.

குளிர் மாதங்களில் எனக்கு அதிகப் பயம் புண் நோய்தான். 1971-இல் ஜப்பானில் முதலில் தெரிந்தது, 1988-இல் நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 1991-இல் குட்டநாட்டுக்கும் வந்துவிட்டது. அபனோமைசஸ் என்கிற பூஞ்சை வகை தசைக்குள் இறங்கி அரிக்கும். தொடக்கத்தில் விலாவிலும் வாலடியிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிதான். விரால், குறவை, கெண்டை இவற்றைத்தான் முந்திப் பிடிக்கும். அதனால கண்மாயில் மீன் பிடிக்கிறவங்களிடம் பேச்சுக் கொடுங்க. "விரால்ல புண்ணு கிடக்குண்ணே" என்று சொன்னால், கண்மாய்த் தண்ணீர் நம் குட்டைக்குள் வரும் வாய்க்காலை அன்றைக்கே அடைங்க. வலையையும் கடன் வாங்காதீங்க.

சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். பத்து சென்ட் குட்டைக்கு எட்டுப் பத்துக் கிலோவை நீற்றி, ஆறவைத்துக் காலையில் தெளிக்கலாம். ஆனால் நம்ம கரிசல் ஏற்கெனவே காரம். பி.எச். தாளில் 8.5-க்கு மேலே காட்டினால் தொடாதீங்க, தண்ணீரிலுள்ள அம்மோனியா நஞ்சாக மாறிவிடும். வேப்பம் புண்ணாக்கை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். வேம்பு அளவு மீறினால் மீனைக் கொல்லும். இலுப்பைப் புண்ணாக்கைக் களை மீனைக் கொல்லத்தானே போடுகிறோம்!

சந்தேகம் நீடித்தால் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்க. 2023-இல் ஒன்றிய அரசு விட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியிலும் படத்தோடு பதியலாம். சோதனைக்குச் செத்து நாறிய மீன் உதவாது. தள்ளாடுகிற உயிர்மீன் மூன்று நாலைக் காற்றடைத்த பாலித்தீன் பையில் தண்ணீரோடு கொண்டுபோங்க. முடியாவிட்டால் அப்போதே பிடித்ததை ஐஸ்கட்டியில் வைக்கலாம், உறைபெட்டியில் வேண்டாம். அந்தத் தீவன நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்க, எந்தத் தேதியில் தீனி குறைந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.