மீன் குட்டைகளில் ஜலத்தின் குணமும் மீன்களின் க்ஷேமமும்

வயலில் பயிர் வாடினால் குடியானவர் வேரையும் மண்ணையும் பார்க்கிறார். குட்டையில் மீன் செத்தாலோ, பெரும்பாலோர் மீனை மாத்திரம் புரட்டிப் பார்த்து, நோய் என்றாவது விஷம் என்றாவது தீர்மானித்துவிடுகின்றனர். பயிருக்கு மண் எவ்வாறோ அவ்வாறே மீனுக்கு ஜலம். ஆகையால் மீனுக்குத் துன்பம் நேர்ந்தால் முதலில் பரீக்ஷிக்க வேண்டியது ஜலத்தையே. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய மீன்களை வளர்க்கும் மிராசுதார்களும், மீன் சேதத்தைப்பற்றிப் புகார் வருங்கால் ஸ்தலத்துக்குச் செல்ல நேரிடும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்க சில விஷயங்கள் இங்கே கூறப்படும்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஒரு ஏக்கர் குட்டையில் மீன் வளர்த்துவந்த மிராசுதார் ஒருவர் அதிகாலையில் எனக்கு ஆள் அனுப்பினார். பத்து மாதம் வளர்ந்த மீன். அடுத்த வாரம் பிடித்துக் கொடுப்பதாக வியாபாரியிடம் முன்பணமும் பெற்றிருந்தார். நான் சென்றபோது கரையோரமெங்கும் பெரிய கட்லா மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அவருக்கும் பக்கத்து நிலக்காரருக்கும் வாய்க்கால் சம்பந்தமாக வெகுநாளைய மனஸ்தாபம் உண்டு. “இது விஷம் வைத்த காரியம், ஐயா! வைத்தவன் யார் என்பதும் எனக்குத் தெரியும்” என்றார். புகார் மனுவும் எழுதியாகிவிட்டது. கிராம அதிகாரி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, மேலே அனுப்புமுன் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

நான் குட்டையைச் சுற்றிப் பார்த்தேன். விரால் மீன்கள் உயிரோடு துள்ளின. தவளைகளும் தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் வழக்கம்போல் திரிந்தன. மாண்டவை யாவும் பெரிய மீன்கள். சிறியவை ஜலமட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விசாரித்ததில், மூன்று நாளாய் வானம் மூடியிருந்தது என்றும், எடை கூடட்டும் என்று அவ்வாரம் முழுவதும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இரட்டிப்பாய் இடப்பட்டன என்றும், இரண்டு வண்டிச் சாணமும் ஒரே நாளில் கொட்டப்பட்டது என்றும் தெரியவந்தது. விஷம் வைத்தவர் எவருமில்லை. பிராணவாயு இன்றி மீன்கள் மூச்சு முட்டி மாண்டன.

காரணம் யாது?

ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவையே மீன் தன் செவுள்களால் சுவாசிக்கிறது. லிட்டர் ஜலத்தில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் அது இருத்தல் நலம். 3-க்குக் கீழ் இறங்கினால் மீன் தளரும். 1-ஐ நெருங்கினால் மரணம் சமீபமே. மேலும், உஷ்ணம் ஏற ஏற ஜலம் ஏற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி செண்டிகிரேடில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையுமாயின், 30 டிகிரியில் சுமார் ஏழரையே கரையும்.

குட்டைக்குப் பச்சை நிறம் தருவது கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசி. பகலில் சூரிய வெளிச்சத்தால் இதுவே பிராணவாயுவை உண்டாக்கி ஜலத்துக்கு அளிக்கிறது. ஆனால் இரவில் இப்பாசியும் மீன்களோடு சேர்ந்து பிராணவாயுவைச் செலவிடுகிறது. சேறும், மிஞ்சிய தீவனமும், சாணமும் அழுகும்போது அவையும் செலவிடுகின்றன. ஆதலின் பிற்பகலில் பிராணவாயு மிகுந்தும், சூரியோதயத்துக்குச் சற்று முன் மிகக் குறைந்தும் இருப்பது இயல்பு. வானம் மூடிய நாளில் பகல் வரவு குறைகிறது. இரவுச் செலவோ குறைவதில்லை. அந்நாட்களில் எருவையும் தீவனத்தையும் அதிகப்படுத்துவது, வருமானம் நின்ற மாதத்தில் செலவைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

மூச்சுத் திணறலா, விஷமா?

கீழ்க்கண்ட அடையாளங்களைக்கொண்டு பெரும்பாலும் பிரித்தறியலாம்.

1. நேரம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து, வெயில் ஏறியபின் கீழே இறங்குமாயின், அது பிராணவாயுக் குறைவே. விஷத்துக்கு நேரம் காலம் இல்லை.

2. பருமன். பிராணவாயு குறைந்தால் பெரிய மீன்கள் முன்னே சாகும். பூச்சிமருந்து கலந்தால் சிறியவை முன்னே சாவது வழக்கம். மீன்கள் நிலைதடுமாறிச் சுழன்று நீந்துவதும் உண்டு.

3. பிற ஜந்துக்கள். விராலும் தேளியும் மேற்காற்றைச் சுவாசிக்கும் திறனுடையவை. ஆகவே ஜலத்தில் பிராணவாயு அற்றாலும் பிழைத்திருக்கும். பூச்சிமருந்தாயின் நீர்ப்பூச்சிகளும் தலைப்பிரட்டைகளுங்கூட மடிந்து கிடக்கும்.

4. ஜலத்தின் நிறம். நேற்றுவரை கரும்பச்சையாயிருந்த ஜலம் திடீரெனப் பழுப்பாகவோ தெளிவாகவோ மாறியிருந்தால், நுண்பாசி ஒருங்கே மடிந்து அழுகத் தொடங்கியது என்று கொள்க. இதுவும் பிராணவாயுவைப் பறிக்கும்.

5. செவுள். வெயில் நன்கு ஏறிய பின்னும் மீன் மேலேயே திணறுமாயின், அம்மோனியா மிகுதியையாவது செவுள் நோயையாவது சந்தேகிக்க வேண்டும். செவுளும் இரத்தமும் பழுப்பு நிறமாயிருந்தால் ஜலத்தில் நைட்ரைட் என்னும் உப்பு மிகுந்துள்ளது எனலாம்.

உடனே செய்ய வேண்டியவை

தீவனத்தையும் எருவையும் அக்கணமே நிறுத்துக. நல்ல ஜலம் கிடைக்குமாயின் பம்பு வைத்துப் பாய்ச்சுக. கிணற்று ஜலத்திலும் ஆழ்குழாய் ஜலத்திலும் பிராணவாயு மிகக் குறைவு. ஆகையால் அதை நேரே விடாது, உயரத்திலிருந்து பலகையின்மேலோ கற்களின்மேலோ விழுந்து சிதறும்படி விட வேண்டும். வேறு ஜலம் இல்லாவிடில் அக்குட்டை ஜலத்தையே மேல்மட்டத்திலிருந்து இறைத்து, காற்றில் சிதறி மீண்டும் அதிலேயே விழச் செய்யலாம். மூங்கிற் கழியால் மேல்மட்டத்தை அடித்துக் கலக்குவதும் சிறிது உதவும். ஆனால் ஆட்கள் இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்குதல் கூடாது, அது உள்ள பிராணவாயுவையும் கெடுக்கும். அயல் வயல்களில் மருந்து தெளிக்கும் காலத்தில் வாய்க்கால் ஜலத்தை ஆராயாமல் குட்டைக்குள் விடலாகாது. இறந்த மீன்களை அகற்றிக் குட்டைக்குத் தூரத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுக.

மேற்சொன்ன குட்டைக்குச் சமீபத்தில் பம்பு யந்திரம் இருந்தது, குற்றஞ் சாட்டப்பட்ட அந்தப் பக்கத்து நிலக்காரரிடமே. கிராம அதிகாரி நேரில் சென்று கேட்க, அவர் மறுக்காமல் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். மாலைவரை இறைத்தும், இரவில் மீண்டும் இறைத்தும், மிஞ்சிய மீன்கள் காப்பாற்றப்பட்டன. மனுவை மிராசுதாரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தினமும் பார்க்க வேண்டியவை

வரும் முன் காப்பதே சிக்கனம். இதற்கு அதிகக் கருவிகள் வேண்டா. சூரியன் உதிக்குமுன் ஒருமுறை கரையைச் சுற்றி வருக. பின்னர், வெளிச்சம் வந்தபின், பச்சை எவ்வளவு என்பதை அளந்தறிக. இத்தாலிய விஞ்ஞானி செக்கி என்பவர் 1865-ல் கடல் ஜலத்தின் தெளிவை அறிய வெண்தட்டு ஒன்றை இறக்கிப் பார்த்தார். இப்பொழுது 20 செண்டிமீட்டர் அகலத்தில், கறுப்பும் வெளுப்புமாய்க் கால் பங்குகள் தீட்டிய தட்டு உபயோகிக்கப்படுகிறது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது 30 முதல் 40 செண்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் ஜலம் சரியான நிலையில் உள்ளது. 20-க்குள் மறைந்தால் பாசி மிகுதி, எருவை நிறுத்த வேண்டும். தட்டு இல்லாதவர் கையை நேரே ஜலத்தில் இறக்கிப் பார்க்கலாம். மணிக்கட்டு நனையுமுன்னே விரல்கள் மறைந்தால் அபாயம். முழங்கை நனைந்த பின்னும் உள்ளங்கை தெளிவாய்த் தெரிந்தால் மீனுக்கு இயற்கை இரை போதாது. சேறு கலங்கிய ஜலத்துக்கு இவ்வளவை பொருந்தாது.

தீவனக் கணக்கு

கண்மதிப்பாய்த் தீவனம் இடுதலே பல சேதங்களுக்கு மூலம். மாதம் ஒருமுறை வீச்சு வலையால் 20 மீன்களைப் பிடித்து நிறுத்துப் பார்க்க. மொத்தம் 8 கிலோவாயின் ஒரு மீன் 400 கிராம். குட்டையில் 2,000 மீன் இருப்பின் மொத்த எடை 800 கிலோ. நூற்றுக்கு 2 வீதம் நாளொன்றுக்கு 16 கிலோ தீவனம் போதும். அதாவது தவிடு 8 கிலோ, பிண்ணாக்கு 8 கிலோ. இதைத் தட்டிலிட்டாவது துளையிட்ட பையிலிட்டாவது கழியில் கட்டித் தொங்கவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சம் உண்டா என்று பார்க்கலாம். மிச்சமிருந்தால் மறுநாள் குறைக்க. வானம் மூடிய நாளில் பாதி இடுக. மீன் வாய் பிளக்கும் நாளில் ஒன்றும் இட வேண்டாம். ஒருநாள் பட்டினியால் மீன் சாகாது. சாணத்தையும் சிறுசிறு தவணையாகவே இட வேண்டும்.

அம்மோனியாவும் சுண்ணாம்பும்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஜலத்தின் காரநிலை 7 ஆயின் அதில் விஷமாயுள்ள பகுதி, 30 டிகிரி உஷ்ணத்தில், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆயின் ஏழெட்டு. 9 ஆயின் நாற்பதுக்கும் மேல். பாசி மிகுந்த குட்டையில் வெயிற் பிற்பகலில் காரநிலை 9-ஐ எட்டுவது உண்டு. ஆகவே மீன் திணறக் கண்டவுடன், சுண்ணாம்பு யாவற்றையும் குணமாக்கும் என்று எண்ணிச் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுதல் பெருந்தவறு; அது காரநிலையை ஏற்றி, உள்ள அம்மோனியாவையே விஷமாக்கும். காரநிலை காட்டும் காகிதம் சொற்ப விலைக்குக் கிடைக்கும். விடியலிலும் பிற்பகலிலும் சோதித்த பின்னரே சுண்ணாம்பைப்பற்றி யோசிக்க.

சுண்ணாம்புக்கு உரிய காலம் கோடை. மீன் பிடித்தபின் குட்டையை வற்றவிட்டு, அடிச்சேற்றில் ஒரு பிடி எடுத்துப் பார்க்க. அது கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், மீனைக் கொல்லும் வாயு அங்கே தங்கியிருக்கிறது. மேற்சேற்றை வாரி வயலுக்கு எருவாக்குக. எஞ்சியது வெடிப்பு விழும்வரை காய்ந்தபின் ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு தூவிப் பிறகு ஜலம் விடலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

மீன் சேதப் புகார் வந்தால், மேற்கண்ட ஐந்து அடையாளங்களையும், வானிலையையும், முந்தின வாரம் இட்ட தீவனம், எரு இவற்றின் அளவையும், மீன் சாகத் தொடங்கிய மணியையும் முதலில் குறித்துக்கொள்க. விஷம் என்றே தோன்றினால் தாமதியாமல் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை ஜலம் நிரப்பி மூடி, அழுகாத மீன் சிலவற்றையும் பனிக்கட்டியில் வைத்து, முத்திரையிட்டு, மீன்வள இலாகா மூலம் சோதனைக்கு அனுப்புக. ஜலம் மாறிவிடும், அழுகிய மீன் சாட்சி சொல்லாது. ஆகவே சில மணி நேரத் தாமதமும் உண்மையை மறைத்துவிடும்.

குட்டையுடையோர் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வானிலை, தட்டு மறைந்த ஆழம், இட்ட தீவனம், விடியற்காலை மீன் இருந்த நிலை ஆகிய ஐந்தையும் நாள்தோறும் எழுதிவைத்தல் மிகவும் பயனுடையது. ஒரு வருஷத்து உழைப்பு ஓரிரவில் அழியாமல் காப்பதோடு, அடுத்த நிலக்காரர்மேல் வீண்பழி சுமத்தாமலும் அது காக்கும்.