முன்கோடைத் தோட்டப் பணிகளும் நீர்ப் பங்கீடும்

தக்காணப் பீடபூமியில் அமைந்துள்ள ஐதராபாத்தில் மார்ச் மாதத்திலேயே கோடை நிலைபெற்றுவிடுகிறது. மே மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 39 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையோ ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் வீட்டுத் தோட்டம் பெரிதும் பாசன நீரையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

1908ஆம் ஆண்டின் மூசி வெள்ளத்திற்குப் பின் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் அமைக்கப்பட்டன. ஒரு காலத்தில் நகரின் குடிநீருக்கு அவையே ஆதாரமாக விளங்கின. இன்று கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. இத்தகைய நீரைத் தோட்டத்திற்குச் செலவிடுகையில் சிக்கனம் இன்றியமையாததாகும். எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவில் நீர் ஊற்றுவது சிக்கனமன்று. எப்பயிருக்கு எப்போது நீர் பயன் தரும் என்று அறிந்து பங்கிடுவதே முன்கோடைப் பணிகளின் சாரமாகும்.

காய்கறிகள்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறிகளை (கீரை உட்பட) உண்ணுமாறு பரிந்துரைக்கின்றன. சிறிய தோட்டம் இத்தேவை முழுவதையும் நிறைவு செய்ய இயலாதெனினும், ஒரு பகுதியையேனும் ஈடுசெய்ய இயலும். எனவே நீர்ப் பங்கீட்டில் காய்கறிகளுக்கே முதலிடம் அளித்தல் பொருந்தும்.

வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கு, சுரை ஆகியவை வெப்பத்தைத் தாங்குபவை. மார்ச் முதல் பகுதிக்குள் இவற்றை விதைத்துவிட வேண்டும். தண்டுக்கீரை நான்கு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடுவதால், செலவிட்ட நீருக்கு விரைவில் பலன் தருகிறது. ஆந்திர, தெலங்கானச் சமையலில் கோங்குரா எனப்படும் புளிச்சக்கீரையும் இப்பருவத்திற்கு ஏற்றது. தக்காளியோ, இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில் பூக்களை உதிர்த்துவிடும்; ஏப்ரலுக்குப் பின் அதற்கு நீரைப் பெருக்குவதால் பயன் குறைவு.

மலர்கள்

மல்லிகை பூத்துக் குலுங்கும் காலம் இது. அதன் கவாத்துக் காலம் குளிர்பருவத்திலேயே முடிந்துவிட்டதால், இப்போது கிளைகளை வெட்டலாகாது. சீரான நீரும், மொட்டுகளைத் தவறாது பறித்தலும் போதும். ரோஜாவையும் கடுமையாகக் கவாத்து செய்தல் கூடாது. வாடிய மலர்களை நீக்கி, வேரடியில் மூடாக்கு இட்டால் போதுமானது. புதிதாக விதைக்க விரும்புவோர் வாடாமல்லி, கோழிக்கொண்டை போன்ற வெயிலைத் தாங்கும் இனங்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

பழ மரங்கள்

நீரைக் கொடுப்பதைப் போலவே நிறுத்துவதும் ஒரு பணியே என்பதைப் பழ மரங்கள் உணர்த்துகின்றன. மாமரத்தில் பிஞ்சுகள் பருக்கும்போது நீர் தேவை. அறுவடைக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் நிறுத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் தரமான கொய்யாவை விரும்பினால், பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை அம்மரத்திற்கு நீர் பாய்ச்சாதிருத்தல் நன்று. கோடைப் பூக்கள் உதிர்ந்து, மழையுடன் புதுத்தளிரும் பூக்களும் தோன்றும். இவ்வாறு மிஞ்சும் நீர் காய்கறிக்கு உதவும்.

அனாப்-எ-ஷாஹி திராட்சைக்குப் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், ஆண்டுக்கு இருமுறை கொடியைக் கவாத்து செய்வது வழக்கம். ஏப்ரலில் வெட்டியபின் தோன்றும் கிளைகளிலேயே மலர்மொட்டுகள் கருக்கொள்கின்றன; அக்டோபர் கவாத்திற்குப் பின் அவை காய்க்கின்றன. பலன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று இக்கோடையில் கொடியைப் புறக்கணித்தால், அடுத்த விளைச்சல் குன்றிவிடும்.

நீர்ச் சிக்கன முறைகள்

நீரை அதிகாலையில் ஊற்ற வேண்டும். சருகு அல்லது வைக்கோலை 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பினால் நீர் ஆவியாவது குறையும். மெருகிடாத மண்பானையைச் செடியருகே புதைத்து நீர் நிரப்பினால், ஈரம் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு நேரடியாகப் பயன்படுத்தலாம். புதிய மாங்கன்றுகளுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை மே மாதத்தில் தோண்டி வெயிலில் ஆறவிட்டு, மழைக்கு முன் மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். கன்று நடுவதை மழை தொடங்கும்வரை ஒத்திவைத்தால், வேர் பிடிப்பதற்கான நீரில் பெரும்பகுதியை வானமே வழங்கிவிடும்.

வீட்டுத் தோட்டத்தின் அளவு சிறிதாயினும், வரம்புடைய வளத்தைத் தேவையறிந்து பங்கிடும் திட்டமிடலின் அடிப்படை நெறி அங்கும் பொருந்துகிறது.