உதவியின் எல்லை

துணையற்ற முதியோரைப் பேணும் சிறிய இல்லங்கள் நம் நாட்டின் பல ஊர்களில் உள்ளன. மாவட்டந்தோறும் 150 ஏழை முதியோரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றை அமைக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. எனினும், மத்திய அரசின் மானியம் பெற்றுத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் பல 25 பேருக்கானவையே. இத்தகைய சிறு இல்லத்தில் பணிபுரிவோரின் அகநிலை எத்தகையது?

அங்கே பணியாளர் சிலரே. குளிப்பாட்டுதல், உணவூட்டல், மருந்து கொடுத்தல், துணி மாற்றுதல் ஆகிய யாவும் அவர்கள் பொறுப்பு. படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் புண் உண்டாகும். சாய்ந்து கிடப்பவருக்கு உணவூட்டினால் அது மூச்சுக்குழலில் புகக்கூடும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும்.

இங்குதான் நுட்பமான சோதனை ஒன்று எழுகிறது. நடுங்கும் விரல்களால் ஒரு முதியவர் சட்டைப் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் ஆகலாம். பணியாளர் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். அடுத்த அறையில் மற்றொருவர் காத்திருக்கிறார். ஆனால், பயன்படுத்தாத திறன் விரைவில் தேய்ந்துவிடும். இன்று மிச்சமாகும் ஒன்பது நிமிடம், நாளை அம்முதியவரின் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. அன்போடு செய்த உதவியே அவரை முடமாக்கிவிடலாம்!

மறதிநோய் கண்டவரிடம் இச்சோதனை மேலும் கடுமையாகிறது. அந்திப் பொழுதில் அமைதியிழந்து, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்பார். வாதிட்டுத் திருத்துவதால் பயனில்லை, கலக்கமே பெருகும். வீட்டைப் பற்றி அவரையே பேசவிட்டு, அருகில் அமர்ந்து கேட்பதே நலம். சொல் மறந்தாலும், குரலின் கனிவை அவர் உணர்கிறார்.

இவ்வாறு பேணியவர் ஒரு நாள் மறைகிறார். அப்படுக்கைக்கு விரைவிலேயே வேறொருவர் வருகிறார். துயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே புதியவரை முகமலர்ந்து வரவேற்க வேண்டும். இது எளிதன்று. ஆகவே, பணியாளருக்கு ஓய்வும் தகுந்த ஊதியமும் ஆறுதலும் தருவது இல்லத்தை நடத்துவோரின் கடமை. களைத்த கைகளில் பொறுமை நிலைக்காது.

உதவுபவர், 'இதை நான் செய்ய முடியுமா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இதை இவரே செய்ய நான் காத்திருக்க முடியுமா?' என்றும் கேட்க வேண்டும். நம் இல்லங்களில் முதியோரைப் பேணும் நாமும் நாள்தோறும் எழுப்ப வேண்டிய வினா இதுவே.