ரேடியேட்டர் ஃபேனுக்கு ‘டைரக்ட்’ கொடுக்குமுன்

பைபாஸில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் அசையாமல் நிற்கிறது; ஊருக்குள் சிக்னலில் நின்றதும் மளமளவென்று ஏறுகிறது, ஏசியும் குளிரவில்லை. இப்படியென்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், வண்டி நின்றால் ஃபேனை விட்டால் கதியில்லை.

“டைரக்ட் கொடுத்துடலாம் சார்” என்பார்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓயாமல் சுற்றும்படி பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழுது உள்ளேயே இருக்கும், மோட்டாரும் சீக்கிரம் தேயும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் சென்சாருக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனாலேயே ஃபேன் வராமல் போகும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையையும் துப்பட்டாவையும் தள்ளியே வையுங்கள்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஒற்றை ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் ஏசியோடு அதுவும் சுற்றும். ஏசிக்குச் சுற்றி, எஞ்சின் சூட்டுக்கு மட்டும் வரவில்லையென்றால் மோட்டாரில் கோளாறில்லை, சென்சார் பக்கம் பாருங்கள். பழைய கார்களில் ரேடியேட்டரிலேயே இரண்டு ஒயர் ஸ்விட்ச் இருக்கும். சாவியை ஆன் செய்து, அதன் கப்ளரைக் கழற்றி இரு முனைகளையும் ஒயரால் இணைத்தால் ஃபேன் சுற்றுகிறதா? ஸ்விட்ச் போய்விட்டது. ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள கார்களில் இப்படி இணைக்க வேண்டாம். சென்சார் கப்ளரைக் கழற்றினாலே பல வண்டிகளில் ஈசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடும்.

எதற்குமே சுற்றவில்லையென்றால் பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். ஃபேன் ஃபியூஸ் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். அது எரிந்திருந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுக்கிறது. ரிலேவை, அதே எண் கொண்ட வேறு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கழற்றும்போது சாக்கெட்டைக் கவனியுங்கள்: பிளாஸ்டிக் பழுத்து உருகியிருந்தால் புது ரிலேயும் நிலைக்காது.

பலரும் ஏமாறுவது இனிமேல்தான். ஃபேன் கப்ளரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், ஃபேனோ சுற்றாது. உடனே மோட்டாரைக் குற்றம் சொல்லி புதிதாக வாங்கிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் அது 12 காட்டும். மோட்டாருக்கோ பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

ஆகவே மீட்டருக்குப் பதில் 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்தக் கப்ளரின் இரு முனைகளில் இணையுங்கள். ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தால் பெரும்பாலும் மோட்டாரில்தான் பழுது. மங்கினால், எர்த் முனையில் இருக்கும் பல்பு ஒயரை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது பிரகாசமானால் எர்த் கெட்டிருக்கிறது. அப்போதும் மங்கல் என்றால் ரிலே சாக்கெட் வரையிலான பாசிட்டிவ் வழியில் கோளாறு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நான் முதலில் சந்தேகிப்பது எர்த் போல்ட்டைத்தான். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் மின்னும்போது இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மூன்று, நான்கு ஒயர் கப்ளரும் கன்ட்ரோல் மாட்யூலும் கொண்ட ஃபேனுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும், மாற்றிவிடுங்கள். கப்ளரை வெட்டி ஒயர் முறுக்கியிருந்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறவில்லையே என்று உறுதி செய்யுங்கள். மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். எஞ்சின் பக்கம் பொருத்திய ஃபேன் என்றால் கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், அது உள்ளே இழுக்கப்பட வேண்டும்.